தேர்வறையில் தரும் சலுகை வகுப்பறையில் ஏன் இல்லை?

அரையாண்டுத் தேர்வு நெருங்கும் சமயத்தில் என் கைப்பேசி ஓயாமல் ஒலிக்கும். நான் அரசுப் பள்ளிகளில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர். வட்டார வள மையத்திலிருந்து முறைவைத்து ஒவ்வொரு பள்ளியாகச் செல்வது என் வேலை. “டீச்சர், பத்தாம் வகுப்புல ஒரு பையனுக்கு ஸ்கிரைப் வேணும், சர்டிபிகேட்டுக்கு என்ன பண்ணணும்?” என்று தலைமையாசிரியர் கேட்பார். “ஒரு மணி நேரம் கூடுதலா தருவாங்களாமே, எங்க போய் எழுதிக் கொடுக்கணும்ங்க?” என்று ஓர் அம்மா கேட்பார். பேச்சு முடியும்போது ஏறக்குறைய எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள்: “மத்த பாடத்துல எப்படியாவது தேறிடும். கணக்குதான் வராது.”

சொல்வதை எழுதும் ஸ்கிரைப், கூடுதல் நேரம் போன்ற இந்தச் சலுகைகள் அவசியமானவை. அவற்றைப் பெற்றுத் தருவது என் பணியின் ஒரு பகுதி. அதற்காக மருத்துவ முகாமுக்கும் கல்வி அலுவலகத்துக்கும் பெற்றோரோடு அலைந்திருக்கிறேன். ஆனால், சான்றிதழ் கேட்டு வரும் அந்தப் பையன் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அந்த ஒன்பது ஆண்டுகளில் வகுப்புத் தேர்வில் அவனுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் கிடைத்ததில்லை. கேள்வியை யாரும் வாசித்துக் காட்டியதில்லை. விடையை வாயால் சொல்ல விட்டதில்லை. ஒரு பொதுத்தேர்வுக்குத் தரச் சம்மதிக்கும் உதவியை, அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகள் முழுக்க நாம் மறுத்துவிடுகிறோம். கணக்கை அவன் கற்க வேண்டிய காலம் அந்த ஒன்பது ஆண்டுகள்தான்.

சட்டம் சொல்லும் வரிசை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைகளே இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. புதிய சட்டம் அதைச் சேர்த்தது. வாசிப்பில் தடை தரும் டிஸ்லெக்ஸியா, எழுத்தில் தடை தரும் டிஸ்கிராஃபியா ஆகியவற்றோடு எண்களில் தடை தரும் டிஸ்கால்குலியாவையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவையும் 17ஆம் பிரிவையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்ற கற்பித்தல் முறையைக் கையாள வேண்டும், ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது 16. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்றவற்றைப் பேசுகிறது 17. கற்பித்தல் முதலில் வருகிறது. தேர்வு அதற்குப் பிறகுதான் வருகிறது. நடைமுறையில் 17ஆம் பிரிவுக்குப் படிவம் இருக்கிறது, கடைசித் தேதி இருக்கிறது, சுற்றறிக்கை இருக்கிறது. 16ஆம் பிரிவுக்கு இவை எதுவும் எங்கள் மேசைக்கு வந்து சேர்வதில்லை.

2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல், கற்றல் குறைபாட்டின் முதல்கட்டக் கண்டறிதலை மூன்றாம் வகுப்பில் அல்லது 8 வயதில் பள்ளியிலேயே செய்யச் சொன்னது. பத்தாம் வகுப்பில் சான்றிதழுக்கு அலையும் பிள்ளைக்கு அப்போது 15 வயது. இடையில் ஏழு ஆண்டுகள் போய்விட்டன.

எண்களில் மட்டும் ஏற்படும் தடையான டிஸ்கால்குலியாவைப் பற்றி லாடிஸ்லாவ் கோஷ்ச் என்ற உளவியலாளர் விரிவாக எழுதியது 1974இல். பல நாட்டு ஆய்வுகள் 3 முதல் 7 சதவீதக் குழந்தைகளுக்கு இது இருப்பதாகச் சொல்கின்றன. 40 பேர் இருக்கும் வகுப்பில் குறைந்தது ஒருவர். சில வகுப்புகளில் இரண்டு மூன்று பேர். பார்வை, செவித்திறன், அறிவுத்திறன், கவனம் ஆகியவற்றில் சிரமப்படும் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வராதவர்கள். எங்கோ இருக்கும் சிலரைப் பற்றி நான் பேசவில்லை. நம் ஒவ்வொரு வகுப்பறையிலும் இருப்பவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

பூக்கடையில் 10, நோட்டில் 190

கற்றல் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் அம்மா பேருந்து நிலையத்தில் பூ விற்கிறார். சாயங்காலம் அவனும் கடையில் உட்காருவான். முழம் 30 ரூபாய், மூன்று முழம் வாங்கிக்கொண்டு 100 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேட்டு முடிப்பதற்குள் 10 என்று சொல்லிவிடுவான். அதையே 100 − 90 என்று நோட்டில் போடச் சொன்னால் 190 என்று எழுதுவான். பூஜ்யத்தில் பூஜ்யம் போனால் பூஜ்யம். பூஜ்யத்தில் 9 போகாது. ஆகவே 9இல் பூஜ்யத்தைக் கழித்து 9. மிச்சம் இருக்கும் 1ஐ அப்படியே இறக்கிவிடுவான். நூறிலிருந்து கழித்த பிறகு நூறைவிடப் பெரிய எண் எப்படி வரும் என்ற கேள்வி அவனுக்குள் எழுவதில்லை. நோட்டில் இருக்கும் 100 அவனுக்கு நூறு ரூபாயாகத் தெரிவதில்லை. மூன்று தனித்தனி எழுத்துகளாகத்தான் தெரிகிறது.

கடைக் கணக்குக்கும் நோட்டுக் கணக்குக்கும் இடையிலான இந்த இடைவெளி எந்தக் குறைபாடும் இல்லாத பிள்ளைகளிடமும் இருக்கிறது. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருவில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களை ஆராய்ந்து 1985இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு இதைத்தான் காட்டியது. தெருவில் ஏறக்குறைய எல்லாக் கணக்குகளையும் சரியாகப் போட்ட அதே சிறுவர்கள், தாளில் எழுதிக் கொடுத்த கணக்குகளில் பாதிக்கும் குறைவாகவே சரியாகப் போட்டார்கள். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. சந்தையில் சிக்கலான கணக்குகளை மனத்தால் போடும் குழந்தைகள் பள்ளிக்கூட வடிவக் கணக்குகளில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் சந்தைக் கணக்கைக் கேட்டபோது அவர்கள் தடுமாறினார்கள். கணக்கு தெரிந்திருந்தும், அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கற்பித்தல். அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டவை தென்னை ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும். பத்துக் குச்சி ஒரு கட்டு. பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. நூறு என்றால் ஒரே ஒரு பெரிய கட்டு. தொண்ணூறை எடு என்றால் பெரிய கட்டின் ரப்பர் பேண்டை அவிழ்த்தே ஆக வேண்டும். அவிழ்த்தால் பத்துச் சிறிய கட்டுகள். ஒன்பதை எடுத்தால் மீதி ஒன்று. பிறகு குச்சிக்குப் பதில் கோடு போட்டுப் படமாக வரைவது, அதற்கும் பிறகுதான் எண்ணால் எழுதுவது. கையால் தொடுவது, படமாகப் பார்ப்பது, குறியீடாக எழுதுவது என்ற இந்த வரிசையை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் எடுத்துச் சொன்னார். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நாங்கள் எல்லோரும் இதைப் படித்தோம். வகுப்புக்கு வந்ததும் முதல் இரண்டையும் தாண்டி மூன்றாவதில் தொடங்கிவிடுகிறோம்.

இடமதிப்பில் இடறும் பிள்ளைகள் தமிழில் ஒரு கூடுதல் சிரமத்தையும் சந்திக்கிறார்கள். ‘நூற்று ஐந்து’ எழுதச் சொன்னால் நூறை 100 என்று எழுதிப் பக்கத்தில் 5ஐ வைத்து 1005 ஆக்குகிறார்கள். தொண்ணூறில் அவர்கள் காதுக்கு நூறு கேட்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. மூன்றாம் வகுப்பு ஆசிரியர் இதை அறிந்திருந்தால் சொல்வதெழுதும் கணக்குக்கு முன்பே குச்சிக் கட்டைக் கையில் கொடுப்பார். அறியாதபோது “கவனமே இல்லை” என்ற பெயர் அந்தப் பிள்ளைக்கு வந்துவிடுகிறது.

தடை வேறு, வழியும் வேறு

செவித்திறன் குறைந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எதிலும் தவறு வராது. ‘ஒரு வகுப்பில் மாணவர்களைவிட மாணவிகள் 6 பேர் அதிகம். மாணவிகள் 24 பேர் எனில் மாணவர்கள் எத்தனை பேர்?’ என்ற கணக்குக்கு 30 என்று எழுதினாள். ‘அதிகம்’ என்று வந்தால் கூட்ட வேண்டும், ‘மீதி’ என்று வந்தால் கழிக்க வேண்டும் என்று யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இந்தக் குறுக்குவழியைத் தமிழ்நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கிறோம். பேச்சைக் கேட்டுக் கேட்டு மொழி பழகிய பிள்ளை எப்படியோ இதைத் தாண்டிவிடும். காதால் மொழி பெற வாய்ப்பில்லாத பிள்ளை இதிலேயே மாட்டிக்கொள்ளும். ‘விட’ என்ற சிறு உருபு யாரை யாரோடு ஒப்பிடுகிறது என்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு நீளப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, எது நீளம், எவ்வளவு நீளம் என்று காட்டினால் போதும். 18 என்று அவளே எழுதுவாள். அதற்குப் பிறகு அந்த வாக்கியமும் அவளுக்குப் புரியத் தொடங்கும்.

கவனம் ஓரிடத்தில் நிற்காத பையன்கள் இருக்கிறார்கள். முழுக்களின் கூட்டலைக் கரும்பலகையில் பத்து முறை எழுதினாலும் அவர்களிடம் போய்ச் சேராது. வராந்தாத் தரையில் சாக்பீஸால் எண்கோடு போட்டு, −3இல் நிற்கவைத்து ஐந்து அடி முன்னால் நடக்கச் சொன்னால் 2இல் போய் நிற்பார்கள். ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்குக் கணக்கு தெரியும். தாளின் அமைப்பு மாறினால் மட்டும் திகைத்துப் போவான். ஒரு பக்கத்தில் ஒரே கணக்கு, எப்போதும் ஒரே இடத்தில் விடை என்று அமைத்துக் கொடுத்தால் அமைதியாகப் போடுவான். எண்களை நேர்கீழாக எழுத வராத பிள்ளைக்குக் கட்டம் போட்ட நோட்டு வேண்டும். அந்த நோட்டைத் தொடக்க வகுப்போடு நிறுத்திவிடுகிறோம். எட்டாம் வகுப்பு வரை அதை அனுமதிப்பதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கூடுதல் வருத்தம் உண்டு. “இவனுக்கு ரூபாய் நோட்டும் மணி பார்க்கவும் தெரிந்தால் போதும்” என்று பள்ளி முடிவுசெய்துவிடுகிறது. ரூபாயும் மணியும் கட்டாயம் வேண்டும். ஆனால் வகுப்பு முழுக்கச் சமச்சீர் உருவங்களை வெட்டி ஒட்டும்போது அவன் மட்டும் பின்வரிசையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பது ஏன்? அவனும் தாளை மடித்து வெட்டுவான். கோலத்தின் பாதியைப் போட்டு மறுபாதியை முடிக்கச் சொன்னால் முடிப்பான். பாடம் ஒன்றாகவும் எதிர்பார்க்கும் அளவு வேறாகவும் இருக்கலாம். அவனை வேறு பாடத்துக்கே அனுப்பிவிடுவது அவனை வகுப்பிலிருந்து விலக்குவதுதான்.

பார்வையற்றோருக்கு மூடிய கதவு

கணக்கிலிருந்து மிக எளிதாக விலக்கப்படுபவர்கள் பார்வையற்ற மாணவர்கள். அவர்களுக்கான கருவிகள் நேற்று வந்தவை அல்ல. டெய்லர் ஃப்ரேம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. எண்கோண நட்சத்திர வடிவத் துளைகள் கொண்ட பலகை அது. சிறிய உலோக அச்சின் ஒரு முனையில் ஒரு விளிம்பு, மறுமுனையில் இரண்டு புள்ளி. துளையில் எட்டுத் திசையில் திருப்பி வைக்கலாம் என்பதால் இரண்டு முனைக்கும் சேர்த்து 16 குறியீடுகள் கிடைக்கின்றன: பத்து எண்களும் கணக்குக் குறிகளும். ஒரு நீள வகுத்தலை முழுவதும் விரலால் தடவிப் போடலாம். நழுவாத மணிகள் கொண்ட கிரான்மர் அபாகஸ் 1960களில் வந்தது. கணிதக் குறியீடுகளுக்கான பிரெய்ல் முறையை 1950களிலேயே உருவாக்கியவர் ஆபிரகாம் நெமெத். பார்வையற்ற கணிதப் பேராசிரியர் அவர்.

வரைபடமும் எட்டாத ஒன்றல்ல. அட்டையில் குண்டூசி குத்தி, புள்ளிகளை நூலால் இணைத்துப் பசை தடவி ஒட்டினால் பத்தாம் வகுப்பின் பரவளையத்தை விரலால் தொட்டு உணரலாம். அது எங்கே திரும்புகிறது, x அச்சை எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்று பிள்ளையே சொல்வாள். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என 16 மதிப்பெண்கள் இருக்கின்றன. படம் வரையும் கேள்விக்குப் பதிலாக வேறு கேள்வி கொடுத்து அந்த மதிப்பெண்ணைத் தரலாம். ஆனால் பரவளையம் என்றால் என்ன என்ற அறிவைக் குண்டூசியும் நூலும்தான் தரும்.

டெல்லியைச் சேர்ந்த பார்வையற்ற மாணவர் கார்த்திக் சாஹ்னி, பதினோராம் வகுப்பில் அறிவியல் படிக்கவே மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்திடம் போராட வேண்டியிருந்தது. அனுமதி பெற்றுப் படித்த அவர் 2013இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு முழு உதவித்தொகையோடு கணினி அறிவியல் படிக்கச் சென்றார். பார்வையற்றவரான ஆந்திரத்தின் ஸ்ரீகாந்த் பொல்லா அறிவியல் பிரிவில் சேர நீதிமன்றம் போனார், பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துத் தொழில்முனைவோர் ஆனார். இருவரும் கதவைத் தட்டி உடைத்து உள்ளே போனவர்கள். வழக்குப் போட வசதியும் துணையும் இல்லாத கிராமத்துப் பார்வையற்ற பிள்ளை, கணக்கைக் கைவிட்டுக் கலைப் பிரிவுக்குப் போகிறது. அதன் விருப்பம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

நிலை தெரிகிறது, வழி தெரியவில்லை

ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கற்கலாம் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. பாயில் வட்டமாக உட்கார்ந்து, கற்றல் ஏணியில் தான் நிற்கும் படிக்குரிய அட்டையை எடுத்துப் பிள்ளை தானே கற்றது. அதில் குறைகள் இருந்தன. ஆனாலும் பின்தங்கிய பிள்ளை மற்றவர் முன்னால் அவமானப்படாத வகுப்பறை அது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறது. 2025-26இல் தொடங்கிய திறன் திட்டம் 6 முதல் 9ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் அடிப்படை இடைவெளியை நிரப்ப முயல்கிறது. இவை எல்லாமே வரவேற்க வேண்டியவை.

ஆனால் ஒரு பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் இவை சொல்கின்றன. ஏன் அங்கே நிற்கிறது, எந்த வழியில் கூட்டிப்போக வேண்டும் என்பது வேறு கேள்வி. நீண்ட நாள் பள்ளிக்கு வராததால் பின்தங்கிய பிள்ளையும் டிஸ்கால்குலியா உள்ள பிள்ளையும் ஒரே நிலையில் இருக்கலாம். முதல் பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தைத் திரும்ப நடத்தினால் போதும். இரண்டாவது பிள்ளைக்கு அதே பயிற்சித்தாளை மூன்றாம் முறையாகக் கொடுப்பது அதே தோல்வியை மூன்றாம் முறையாகக் கொடுப்பதுதான். மூன்று புள்ளிகளைப் பார்த்தவுடன் மூன்று என்று உணராமல் ஒவ்வொன்றாக எண்ணும் பிள்ளைக்குத் தாயக்கட்டையும் புள்ளி அட்டையும் வேண்டும். விரல் விட்டு எண்ணக் கூடாது என்று அந்தப் பிள்ளையின் கையைத் தட்டிவிடுவது, அதனிடம் இருக்கும் ஒரே கருவியைப் பிடுங்குவது.

கணக்கு ஆசிரியர்கள் கேட்பது

கணக்கு ஆசிரியர்களிடம் நான் இதைப் பேசும்போது அவர்கள் சொல்லும் பதில்களில் நியாயம் இருக்கிறது. “நாற்பது பிள்ளைங்க, நாற்பத்தஞ்சு நிமிஷம், போர்ஷன் முடிக்கணும், ரிசல்ட் காட்டணும். நான் எப்படி மிஸ் ஒவ்வொருத்தருக்கும் தனியா நடத்தறது?” என்று ஒருவர் கேட்டார். தனித்தனியாக நடத்தச் சொல்லவில்லை. பின்னத்தை நடத்தும்போது முதலில் தாளை மடித்து, பிறகு படம் வரைந்து, பிறகு எண்ணால் எழுதினால், மடிப்பதில் ஒரு பிள்ளையும் படத்தில் ஒரு பிள்ளையும் எண்ணில் ஒரு பிள்ளையும் பிடித்துக்கொள்ளும். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதம் கற்பித்தலை ஆராய்ந்த குழுவுக்குச் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர்.ராமானுஜம் தலைமை வகித்தார். பெரும்பாலான குழந்தைகளிடம் கணிதம் குறித்து அச்சமும் தோல்வி உணர்வும் இருப்பதை அந்தக் குழு முதன்மையான சிக்கலாக வைத்தது. ‘பெரும்பாலான’ பிள்ளைகளின் அச்சம் அது. சிலருக்காகத் திறக்கும் வழி பலருக்கும் பயன்படும்.

“ஒருத்தனுக்கு வாய்ப்பாடு அட்டை கொடுத்தா மத்தவங்க யாரும் மனப்பாடம் பண்ண மாட்டாங்களே” என்றார் இன்னொருவர். பிளஸ் டூ மாணவருக்குத் தேர்வறையிலேயே மடக்கை அட்டவணை கொடுக்கிறோம். அதை யாரும் காப்பி அடிப்பது என்று சொல்வதில்லை. இயற்பியலைச் சோதிக்கும் இடத்தில் மடக்கை மதிப்பு நினைவிருக்கிறதா என்று சோதிக்கத் தேவையில்லை என்பதால்தான் கொடுக்கிறோம். அதே நியாயம் ஏழாம் வகுப்புக்கும் பொருந்தும். இயற்கணிதத்தில் x கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்று பார்க்கும் இடத்தில் ஏழெட்டு எவ்வளவு என்று நினைவில்லாத பிள்ளையை வெளியே நிறுத்த வேண்டியதில்லை. வாய்ப்பாட்டைக் கற்பிக்கும் நேரத்தில் அதை வேறு வழியில் கற்பிக்கலாம்: ஐந்தெட்டு 40, ஈரெட்டு 16, சேர்த்தால் ஏழெட்டு 56. மனப்பாடம் நிற்காத பிள்ளைக்குக் காரணம் நிற்கும்.

யார் செய்வது?

இங்கே அரசின் பொறுப்பு வருகிறது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விகிதத்தைச் சொன்னது: தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 குழந்தைகளுக்கு ஒருவர். எங்கள் நிலை வேறு. தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளைப் பங்கிட்டுக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் ஒரு பள்ளி என்று போகிறோம். படுக்கையில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கும் போகிறோம். முகாம், பதிவேடு, அடையாள அட்டை வேலைகளும் எங்களுடையவையே. நான் போகாத நாட்களிலும் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வகுப்பு நடக்கிறது. அந்த நாட்களில் அதற்குத் துணை கணக்கு ஆசிரியர் மட்டுமே. அவருக்கு இந்தப் பயிற்சியை யாரும் தந்ததில்லை.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல, ஒன்றைத் தவிர. மூன்றாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் சார்ந்த முதல்கட்டக் கண்டறிதல் நடக்க வேண்டும். சட்டமும் வழிகாட்டுதலும் ஏற்கெனவே சொன்னது இது. தடை இருக்கும் பிள்ளைக்கு எந்தக் கருவி உதவுகிறது என்று ஒரு தாளில் எழுதி, அது வகுப்பு மாறும்போதும் பள்ளி மாறும்போதும் கூடவே போக வேண்டும். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கு மாறும் பிள்ளை இன்று மாற்றுச் சான்றிதழை மட்டுமே கொண்டுபோகிறது. ஐந்து ஆண்டுகளில் ஆசிரியர் கண்டறிந்த எல்லாம் பழைய பள்ளியிலேயே தங்கிவிடுகிறது. பொதுத்தேர்வில் தரும் கூடுதல் நேரமும், கேள்வியை வாசித்துக் காட்டுவதும், வாய்மொழி விடையும் ஆறாம் வகுப்பின் முதல் வகுப்புத் தேர்விலிருந்தே தொடங்க வேண்டும். சொல்வதை எழுதுபவரோடு வேலை செய்வதும் பழகிப் பெற வேண்டிய திறன். படிநிலைகளை வாயால் சொல்லிப் பழகாத பிள்ளைக்குத் தேர்வு நாளில் முன்பின் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் அந்த உதவியே பாரமாகிவிடும். பணியிடைப் பயிற்சியில் கணக்கு ஆசிரியரும் சிறப்புப் பயிற்றுநரும் ஒரே அறையில் ஒரே பாடத்தைத் திட்டமிட வேண்டும். செலவு பிடிக்கும் ஒன்று, நீதிமன்றம் சொன்ன விகிதத்தில் நிரந்தரப் பணியிடங்கள். அது அரசு தந்தே தீர வேண்டிய கடன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று வீட்டில், பிள்ளையின் காது கேட்கச் சொல்லாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். மூன்றாம் வகுப்பில் கண்டறிதல் நடந்ததா, என் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது, அதற்கு எந்தக் கருவியைத் தருகிறீர்கள் என்று கேளுங்கள். பத்தாம் வகுப்புவரை காத்திருக்காதீர்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கடமை என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இந்த அரசுக்கும் இருக்கிறது.